குனிந்த கிளிகள்

அத்தியாயம் 11

மங்கம்மா வாயைத் திறந்தால் ஒன்று வம்பு வரும், இல்லாவிட்டால் விருந்தாளி வருவார். அன்று இரண்டும் ஒரே ரயிலில் வந்து தங்கச் சுரங்கத்தை ஒட்டிய கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கின.

வந்தவர் ராஜப்பா ஆச்சாரி. அவள் கணவன் சம்பங்கிக்கு உடன்பிறந்த அண்ணன். குடியாத்தம் பக்கம் கீழ்மாவடியில் தலைமுறை தலைமுறையாகக் கோயில் தேர் செதுக்கிவரும் குடும்பத்துக்கு இப்போது அவர்தான் மூத்தவர். கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், மூக்குப்பொடி போடுவார். அழைத்துவரப் போயிருந்த சம்பங்கி, அண்ணன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு மங்கம்மாவுக்கு மூன்று விரலைக் காட்டினான். வழியிலேயே மூன்று தடவை பொடி போட்டாகிவிட்டது என்று அர்த்தம்.

மங்கம்மா காலையிலேயே எழுந்து கேழ்வரகு அடைக்கு மாவு பிசைந்து வைத்திருந்தாள். கோபக்காரருக்கும் பசிக்கும் என்பது அவளுடைய கட்சி.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள்தானே! இரண்டு மாதத்துக்கு முன் லூயிசா வந்து இந்த வாசலில் நின்றதையும், இவள் முன்பின் யோசிக்காமல் வாக்குக் கொடுத்ததையும் தொடர்ந்து படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி வேலை வாங்கும் ஜெயகரன் மேஸ்திரியின் மனைவி லூயிசா. மகள் ஜெயசீலிக்குக் கல்யாணம். சபைக்கோயிலில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து உட்கார ஒரு சாய்வு பெஞ்சு வேண்டும் என்று கேட்டாள். சம்பங்கி அப்போது சுரங்கக் கம்பெனியின் தச்சுப் பட்டறையில் ஷிப்டில் இருந்தான். அவன் வரும்வரை காத்திருக்கச் சொல்ல மங்கம்மாவுக்கு வாய் வரவில்லை.

"செஞ்சு தர்றோம், போங்க," என்றுவிட்டாள்.

செய்வது என்று ஆனபின் சம்பங்கியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வெள்ளைக்காரர் பங்களாக்களில் கால் உடைந்த நாற்காலிகளைச் சரி பண்ணிப் பண்ணி அவற்றின் வளைவெல்லாம் அவன் கைக்குள் வந்திருந்தது. அந்த நாற்காலி உடம்புக்குத் தேரின் அலங்காரத்தைப் பூட்டினால் எப்படியிருக்கும் என்று வெகுநாளாக அவனுக்குள் ஓர் ஆசை. ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஒரு பழைய ஷாப்ட்டுக் குழியின் மேலே நின்றிருந்த மரக் கோபுரத்தைப் பிரித்து ஏலம் விட்டபோது ஒரு தேக்கு உத்தரத்தை வாங்கிப் போட்டிருந்தான். அதை அறுத்தான்.

இனி இன்றைய கதை.

"நல்லா கீறியாம்மா?" என்றார் ராஜப்பா.

"நல்லா கீறோம் மாமா. உள்ள வாங்க. அடை சூடா கீது."

"அடை இருக்கட்டும். அது எங்க?"

அது என்றால் எது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டை ஒட்டி மூங்கில் தட்டி கட்டிய கொட்டகைக்குள் மூவரும் நுழைந்தார்கள். சம்பங்கி அதன் மேல் போர்த்தியிருந்த வேட்டியை உருவினான்.

உயரமான இரண்டு முட்டுக்கட்டைகளின் மேல், தரையிலிருந்து மார்பளவு உயரத்தில் பெஞ்சு நின்றது. கால்கள் நான்கும் யாளியின் பாதங்கள். கைப்பிடிகளின் ஓரமாகக் கொடி ஒன்று ஏறி, முதுகுச் சட்டங்களில் சுற்றி, மேல் பலகைக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பலகையில் பக்கம் பக்கமாக, முன்னால் பார்த்தபடி இரண்டு கிளிகள். மங்கம்மா பத்து நாள் சொரசொரப்பான பராய் இலை போட்டுத் தேய்த்து எண்ணெய் பூசியதில் மரம் முழுக்க ஒரு செம்பட்டை மினுக்கம் ஏறியிருந்தது.

ராஜப்பா சுற்றி வந்தார். முகம் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் கை, யாரையும் கேட்காமல், கொடி மேல் போய்விட்டது. இலைக்கு இலை தடவிக்கொண்டே போய் கிளியின் கழுத்தில் நின்றது. மங்கம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கிளிக்கும் நடுவுல கும்பம் எங்கடா? இது இன்னாது, மெழுகுவத்தி மாதிரி கீது?"

"மெழுகுவத்திதான்ணா. கீழ எறங்கறவங்க களிமண்ணை உருட்டித் தொப்பியில ஒட்டி, அதுல மெழுகுவத்தி சொருகிக்கினுதான் போவாங்க. இருட்டுல அதான் அவங்களுக்குக் கண்ணு. அதனால கும்பத்துக்குப் பதிலா அத்த வெச்சேன்."

ராஜப்பா பொடி டப்பாவை எடுத்தார். நான்காவது தடவை.

"ஊர்ல புதுத்தேர் செய்யறாங்கடா," என்றார்.

சம்பங்கி நிமிர்ந்தான். மங்கம்மா அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் தூக்கத்தில்கூடப் பேசுவது அந்தத் தேரைப் பற்றித்தான். பழைய தேரின் உடைந்த பொம்மைகளை மாற்றியிருக்கிறான், அவ்வளவுதான். அச்சிலிருந்து உச்சி வரை ஒரு புதுத்தேர் என்பது ஓர் ஆச்சாரியின் ஆயுசில் ஒரு தடவை வந்தால் உண்டு. பலருக்கு அதுவும் வராது.

"தை பொறந்தா மரம் அறுக்கறாங்க. நம்ம ரெண்டு பேரையும்தான் கூப்ட்டுகீறாங்க."

"ஆனா?" என்றாள் மங்கம்மா. "ஆனா இல்லாம நீங்க ரயிலேறி வரமாட்டீங்களே, மாமா."

"ஆமா, கீது. இந்த பெஞ்சு சமாசாரம் தர்மகர்த்தா காதுக்குப் போயிட்ச்சி. தேருக்குப் போடற கிளிய இவன் யாருக்கோ முதுகு சாய்க்கப் போடறான்னு எரிஞ்சு விழறாரு. இது கொட்டகைய விட்டு வெளிய போனா, சம்பங்கி கை தேர் மேல படக்கூடாதாம். கண்டிசனா சொல்லிட்டாரு."

யார் காதில் ஓதியது என்று கேட்கத் தேவையில்லை. தர்மகர்த்தாவின் மைத்துனர் துரைசாமி இங்கேதான் அரிசி மண்டி வைத்திருந்தார். மண்டியில் தும்மினால் கீழ்மாவடியில் தீர்க்காயுசு சொல்வார்கள்.

அந்த 'யாருக்கோ' என்ற வார்த்தையைத்தான் மங்கம்மாவால் விழுங்க முடியவில்லை. ஜெயகரன் மேஸ்திரியும் கீழ்மாவடிக்காரர்தான். அவருடைய அப்பாவும் அம்மாவும் தேரோடும் வீதியில் கால் வைக்கக் கூடாதவர்கள். தேர்த்திருநாளன்று ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் நின்று, மரங்களுக்கு மேலே தெரியும் கலசத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள். தேரின் அடித்தட்டில் கிளி இருக்கிறதா காக்கை இருக்கிறதா என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய விட்டதில்லை.

ஆனாலும் மங்கம்மா தெய்வப்பிறவி ஒன்றும் இல்லை. ஒரு கணம் அவள் மனம் கணக்குப் போட்டது. பெஞ்சு உடைந்துவிட்டது என்று லூயிசாவிடம் ஒரு பொய் சொன்னால் போதும். லூயிசா நம்புவாள், வருத்தப்படுவாள், கூடவே இவளுக்கு ஆறுதலும் சொல்லிவிட்டுப் போவாள். இந்த மனுஷனுக்குத் தேர் கிடைத்துவிடும்.

"வாக்குக் குடுத்தவ நான்," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "வேணும்னா நானே போயி லூயிசாகிட்ட..."

"நீ சும்மா இரு," என்றான் சம்பங்கி. அவன் அவளிடம் அப்படிப் பேசுகிறவன் அல்ல. "வாக்குதான் நீ குடுத்தே. கிளிய செதுக்கினது நானு."

அண்ணனிடம் திரும்பினான். "அண்ணா, எனக்குத் தேர் வேணும். பொய் சொல்லல, அழுவற மாதிரி வேணும். ஆனா பெஞ்சு போவும்."

ராஜப்பா கொட்டகைக்கு வெளியே கிடந்த மரத்துண்டின் மேல் போய், இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

"போவட்டும். நான் பாக்கல," என்றார் கடைசியில்.

அன்றுதான் ஜெயசீலியின் கல்யாணம். பெஞ்சைத் தூக்கிப்போக ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் லூயிசா, புதுப்புடவை சரசரக்க. பின்னால் ஜெயகரன் மேஸ்திரி, கோட்டு போட்டு. அவர்களோடு இரவு ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வந்த நான்கு பேர், தோளில் கழிகளோடு. சம்பங்கியும் அவர்களுமாகப் பெஞ்சை முட்டுக்கட்டையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார்கள்.

லூயிசா அதைப் பார்த்தபடியே நின்றாள்.

"எங்க ஷாப்ட்டு மரம்," என்றார் ஜெயகரன். "இத்தனை வருசம் இதுக்குக் கீழதான் நான் கேஜுக் கூண்டுல எறங்கினேன். ஆச்சாரி, இது அந்த மரமா?"

"அதே மரம்தான் மேஸ்திரி."

"உட்காருங்க லூயிசா," என்றாள் மங்கம்மா. "நீங்கதான் மொதல்ல உட்காரணும்."

இந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். செய்தவர்கள் தாங்கள் செய்ததில் உட்கார மாட்டார்கள். சொந்தக்காரர் உட்கார்ந்து பார்க்கும்வரை விளையாட்டுக்குக்கூட அதில் உட்காரக் கூடாது. இரண்டு மாதமாக அந்தப் பெஞ்சில் ஒரு பூனைகூட உட்காரவில்லை. அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

லூயிசா கூச்சத்தோடு ஓரமாக உட்கார்ந்தாள். பிறகு தைரியம் வந்து நடுவுக்கு நகர்ந்தாள். ஒரு ராணியைப் போல முகத்தை வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

"அம்மாடி!"

கிளியின் மூக்கு அவள் உச்சந்தலையில் நறுக்கென்று குத்தியது. துள்ளி முன்னால் வந்தாள். தலையில் போட்டிருந்த முந்தானை கிளியின் அலகில் மாட்டிக்கொண்டு கூடவே வர மறுத்தது. மங்கம்மா ஓடிப்போய் விடுவித்தாள்.

சம்பங்கி சிலையாக நின்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. மேல் பலகை முழுக்க முன்னால் கவிந்திருந்தது. இரண்டு கிளிகளும் தலையைக் குனிந்து, உட்கார்ந்தவரின் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன. உயரத்தில் ஏற்றி வைத்து, கீழே நின்று அண்ணாந்து பார்த்தே செதுக்கியவனுக்கு அது கண்ணில் படவேயில்லை.

லூயிசாதான் முதலில் சமாளித்தாள். தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"பரவால்ல ஆச்சாரி, நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. எம்பொண்ணு சாயாம உட்காருவா. நாங்க இன்னா சாய்ஞ்சு உட்கார்ந்தா வளந்தோம்? அது பாட்டுக்கு அழகா இருந்தா போதும்."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதனால்தான் அது அப்படித் தைத்தது. சம்பங்கி தலையைக் குனிந்துகொண்டான்.

வெளியே மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"யாரும்மா அது, சாயாம உட்கார்றேன்னு சொன்னது?"

ராஜப்பா உள்ளே வந்தார். பெஞ்சின் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேல் பலகையைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். ஐந்தாவது தடவை பொடி போடுவாரோ என்று மங்கம்மா பயந்தாள். ஆனால் அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"டேய்! தேர்ல பொம்மை ரெண்டாள் உயரத்துல நிக்கும். கீழ இருந்து பாக்கறவனுக்கு மூஞ்சி தெரியணும்னு குனிய வெச்சு செதுக்குவோம். நீ பெஞ்சுக்கும் அதே சாய்வ வெச்சுகீறயேடா! உட்கார்றவன் இன்னா தரையில படுத்துக்கினா கிளிய பாப்பான்?"

"கை பழக்கம்ணா," என்றான் சம்பங்கி. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

"பழக்கந்தான். நம்ம வூட்டுக் கைய தவிர வேற எவன் கைக்கு இந்தத் தப்பு வரும்?" ராஜப்பா சொன்னது திட்டா பாராட்டா என்று பிரித்துச் சொல்ல முடியாது. "கலியாணம் எப்போ மேஸ்திரி?"

"மத்தியானம் மூணு மணிக்குங்க."

"கொட்டாப்புளி எங்கடா?"

மரச்சுத்தியலைத் தம்பி எடுத்து நீட்டுவதற்குள் அவர் மேல்வேட்டியை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டார். மங்கம்மாவுக்குத் தான் பார்ப்பது நிஜமா என்று இருந்தது. பெஞ்சு வெளியே போகக் கூடாது என்று சொல்ல ரயிலேறி வந்த மனிதர், அதை ஒழுங்காக வெளியே அனுப்புவதற்காகக் கச்சை கட்டுகிறார்! குறையுள்ள வேலை தங்கள் கொட்டகையிலிருந்து போவதை அவரால் தாங்க முடியவில்லை. தர்மகர்த்தா அதற்கப்புறம்தான்.

மேல் பலகை முதுகின் இரண்டு தூண்களின் தலையிலும் நாக்குப் போல இறங்கி, மரக்குச்சி அடித்துப் பூட்டப்பட்டிருந்தது. குச்சியைத் தட்டிப் பலகையைக் கழற்ற வேண்டும். நாக்கைச் சாய்வு மாற்றிச் சீவி, துளையில் ஆப்பு வைத்து இறக்கினால் பலகை பின்பக்கம் சாயும். சொல்லச் சுலபம். பல வருஷம் வெயிலில் காய்ந்த தேக்கு அது. உளி ஒரு நெல் அளவு அதிகம் போனால் நாக்கு முறிந்துவிடும். அதற்குப் பிறகு கிளி இரண்டும் அடுப்புக்குத்தான்.

"நேரமாயிடுமே ஆச்சாரி," என்றார் ஜெயகரன், கடிகாரத்தைப் பார்த்து. "கம்பெனி ஆணி நல்லா நீளமா கீது. எடுத்தாறட்டுமா? பின்பக்கமா நாலு அடிச்சு இழுத்துட்டா..."

"ஆணியா?"

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். மேஸ்திரி ஓர் அடி பின்வாங்கினார். லூயிசா அவர் கையைப் பிடித்து இழுத்து, "நீங்க வாய மூடிக்கினு இருங்க" என்று காதோடு சொன்னாள்.

குச்சியைத் தட்டிப் பலகையைக் கழற்றினார்கள். சம்பங்கி பலகையைத் தொடையில் தாங்கிப் பிடித்தான். ராஜப்பா சீவினார். அண்ணன் கையை நீட்டினால் தம்பி எந்த உளி என்று கேட்காமலே கொடுத்தான். ஒரு கட்டத்தில் ராஜப்பா உளியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுத் தான் பலகையைத் தாங்கினார்.

"கடைசி சீவல் நீயே சீவு. ஒன்னோட மரம்."

சம்பங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு சீவினான். மரம் முறியவில்லை.

பலகையைத் திரும்ப இறக்கி, ஆப்பும் குச்சியும் அடித்து முடிக்கையில் நடுப்பகல் ஷிப்ட் சங்கு ஊதி வெகுநேரம் ஆகியிருந்தது. ராஜப்பா நான்கடி தள்ளி நின்று பார்த்தார். கிளிகள் இப்போது மடியைப் பார்க்கவில்லை. தலை நிமிர்ந்து, எதிரே வந்து நிற்பவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தன. நடுவில் மெழுகுவத்தி நெட்டுக்குத்தாக நின்றது.

"உட்காரும்மா," என்றார் லூயிசாவிடம். "சாய்ஞ்சு உட்காரு."

லூயிசா சாய்ந்தாள். இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மெத்தையாட்டம் கீது," என்றாள்.

நான்கு பேரும் கழிகளைக் கட்டித் தூக்கினார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லைன் லைனாகப் பெண்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். "யார் வூட்டுக் கலியாணம்? யார் செஞ்சது?" என்று வாய்க்கு வாய் கேள்வி. ஷிப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து மெழுகுவத்தியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த நிஜ மெழுகுவத்தியைப் பக்கத்தில் பிடித்து, "அச்சு அசல் நம்மளுதேதான்டா!" என்று கத்தினான். தூக்கிப்போன நாலு பேரும் தேவைக்கு மேலேயே நிமிர்ந்து நடந்தார்கள். மங்கம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த விரல்களை அன்று அவள் முந்தானைக்குள் மறைக்கவில்லை.

சபைக்கோயிலில் பீடத்துக்கு முன்னால் பெஞ்சு போடப்பட்டது. மாப்பிள்ளை கிளாரன்ஸ் புதுச்செருப்பு கடிக்க நடந்து வந்தான். ஜெயசீலி வெள்ளைப் புடவையும் தலையில் வலை முக்காடுமாக வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போதகர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். அது சீக்கிரம் முடிகிற பிரசங்கமாகத் தெரியவில்லை.

ஜெயசீலி கொஞ்ச நேரம் விறைப்பாக இருந்தாள். பிறகு, எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதையும் மறந்து, மெல்லச் சாய்ந்தாள். முக்காடு எதிலும் மாட்டவில்லை.

மங்கம்மா திரும்பிப் பார்த்தாள். ராஜப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பெண்ணையும் பார்க்கவில்லை, மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. மேல் பலகை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்யாணம் முடிந்து கூட்டம் வெளியே வந்தபோதுதான் துரைசாமியைப் பார்த்தார்கள். மண்டிக்காரர் மதில் ஓரம் குடையும் பையுமாக நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"என்ன ராஜப்பா, தடுக்க வந்தவர் பின்னாலேயே நடந்து வந்தீராமே?" என்றார். சிரித்த முகம்தான். "சரி, போனது போகட்டும். நான் சாயங்கால ரயிலில் ஊருக்குத்தான் போறேன். மச்சான்கிட்ட என்ன சொல்லட்டும்? இது தம்பி தனியாச் செஞ்ச வேலை, எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடும். தேர் உமக்கு நிக்கும். உம்ம பிழைப்பை நான் ஏன் கெடுக்கணும்?"

மாமா அப்படிச் சொல்லிவிட்டால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்று மங்கம்மா நினைத்தாள். அவருக்கும் தேர் ஒரு தடவைதானே வரும்.

"சொல்லிடுண்ணா," என்றான் சம்பங்கி, மெல்ல. "ஒருத்தருக்காவது கிடைக்கட்டும்."

ராஜப்பா இடுப்பிலிருந்து பொடி டப்பாவை எடுத்தார். திறக்காமல் திரும்பச் செருகிக்கொண்டார்.

"சம்பந்தம் இல்லயா?" என்றார். அவர் குரல் உயர்ந்து மங்கம்மா இதுவரை கேட்டதில்லை. கூட்டம் திரும்பிப் பார்த்தது. "அந்த மேல் பலகைக்குச் சாய்வு வெச்சது இந்தக் கை. போயி சொல்லுங்க. கீழ்மாவடி ராஜப்பாவும் சம்பங்கியும் சேர்ந்து செஞ்ச பெஞ்சு. கீழ்மாவடி ஜெயகரன் மேஸ்திரி பொண்ணு அதுல நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்தா. கண்ணால பாத்தேன்னு சொல்லுங்க."

ஜெயகரன் மேஸ்திரி கையில் பிடித்திருந்த பன்னீர்ச் செம்பு அப்படியே நின்றுவிட்டது. தன் பெயருக்கு முன்னால் அந்த ஊரின் பெயரை ஓர் ஊர்க்காரர் சேர்த்துச் சொல்லி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

துரைசாமியின் முகத்தில் சிரிப்பு வற்றியது. "அப்போ தேர்?"

"தேருக்கு வெத்தல பாக்கு வாங்கியாச்சு. ரெண்டு பேர் பேரச் சொல்லிக் குடுத்தாங்க, ரெண்டு பேருக்குமா வாங்கினேன். அத்த திருப்பிக் கேக்கணும்னா ஆள் அனுப்பினா தரமாட்டேன். தர்மகர்த்தாவே நேர்ல வரட்டும்."

ராஜப்பா சபைக்கோயில் வாசல் வழியாக உள்ளே கை காட்டினார்.

"வந்தா நிக்க வெச்சா பேசப்போறோம்? அந்த பெஞ்சுலதான் உட்கார வெப்போம்."